ஒரே ஒரு டிக்கெட்: ஆசிய ஆண்கள் வாலிபால் ஒலிம்பிக் தகுதிச் சுற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஜனவரி 7 முதல் 12 வரை சீனாவின் ஜியாங்மென் நகரில் எட்டு ஆண்கள் அணிகள் மோதின. ஜெயிக்கிற ஒரே அணிக்கு டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம். மற்ற ஏழும் பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். வாலிபால் பார்க்கிற நண்பர்கள் இந்தப் போட்டியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும், என்னால் முடிந்த பதில்களும் கீழே.

தகுதிச் சுற்று என்பதும் ஆசிய சாம்பியன்ஷிப் என்பதும் ஒன்றுதானே?

இல்லை. நம் ஊர்ப் பக்கம் வாலிபால் போட்டி வைத்தால் நோட்டீஸில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு, நான்காம் பரிசு என்று வரிசையாக அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பரிசு கொடுக்கிறவர் பெயரையும் போட்டிருப்பார்கள். அரையிறுதி வரை வந்துவிட்டால் எப்படியும் வெறுங்கையோடு திரும்ப மாட்டோம். ஆசிய சாம்பியன்ஷிப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். கோப்பை உண்டு, வெள்ளி உண்டு, வெண்கலம் உண்டு.

தகுதிச் சுற்றில் அந்தக் கதை கிடையாது. முதலிடம் வந்தால் ஒலிம்பிக். இரண்டாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் கிடைப்பது ஒன்றேதான், அதாவது ஒன்றுமில்லை. இந்தப் போட்டியைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஆடுகிறவர்களின் முகத்தில் தெரியும் பதற்றம், இறுதியை விட அரையிறுதியில் அனல் பறப்பது, எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

டோக்கியோவுக்கு மொத்தம் எத்தனை அணிகள்? எப்படிப் பிரித்தார்கள்?

மொத்தம் 12. போட்டியை நடத்துகிற நாடு என்பதால் ஜப்பானுக்கு ஒன்று நேரடியாகப் போய்விட்டது. 2019 ஆகஸ்டில் ஆறு ஊர்களில், ஊருக்கு நான்கு அணிகள் என்று கண்டங்களைக் கலந்து ஒரு தகுதிச் சுற்று நடந்தது. ஒவ்வொரு ஊரிலும் முதலிடம் வந்த அணிக்கு டிக்கெட். அப்படிப் போனவை பிரேசில், அமெரிக்கா, இத்தாலி, போலந்து, ரஷ்யா, அர்ஜென்டினா. மிச்சமிருந்த ஐந்து இடங்களைக் கண்டத்துக்கு ஒன்றாகப் பங்கு போட்டார்கள். அதற்காகத்தான் 2020 ஜனவரியில் ஐந்து கண்டங்களிலும் தனித்தனியாகத் தகுதிச் சுற்றுகள் நடந்தன. ஆசியாவுக்கானது ஜியாங்மெனில்.

ஆக, ஜியாங்மெனுக்கு வந்த பெரிய அணிகள் எல்லாம் ஏற்கெனவே ஒரு முறை கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தவை. ஈரான் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ஆடியது, அங்கே டிக்கெட்டை ரஷ்யா தட்டிக்கொண்டு போனது. தென் கொரியா ராட்டர்டாமில் அமெரிக்காவோடு ஒரே குழுவில் மாட்டியது. ஆஸ்திரேலியாவுக்கு பாரி நகரில் இத்தாலி குறுக்கே நின்றது. சீனா சொந்த மண்ணில், நிங்போவில் ஆடியும் அர்ஜென்டினா வந்து வாரிக்கொண்டு போனது.

ஜியாங்மெனில் யார் யார் ஆடினார்கள்? ஆஸ்திரேலியா எப்படி ஆசியாவில்?

ஒரு குழுவில் சீனா, ஈரான், கஜகஸ்தான், சீன தைபே (அதாவது தைவான்). இன்னொரு குழுவில் ஆஸ்திரேலியா, தென் கொரியா, கத்தார், இந்தியா. ஜப்பான் ஏற்கெனவே உள்ளே போய்விட்டதால் இங்கே வரவில்லை, மற்றவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஆசிய வாலிபால் கூட்டமைப்பில் 65 உறுப்பு நாடுகள். ஓசியானியாவும் அதற்குள் ஒரு மண்டலம்தான், அதனால் ஆஸ்திரேலியா இந்தப் பக்கம் ஆடுகிறது. கிழக்கு, தென்கிழக்கு, மத்திய, மேற்கு என்று வேறு நான்கு மண்டலங்கள் இருக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் மத்திய மண்டலம். ஈரானும் அதே மண்டலத்தில்தான் இருக்கிறது என்பது நமக்கு வாய்த்த கிரகம்.

இந்த எட்டில் அதற்கு முன் ஒலிம்பிக் ஆடியவை நான்கே: ஈரான், தென் கொரியா, சீனா, ஆஸ்திரேலியா. தென் கொரியா கடைசியாகப் போனது 2000 சிட்னி. சீனா 2008-இல் பெய்ஜிங்கில் நடத்துகிற நாடாக ஆடியதோடு சரி.

ஆட்ட முறை என்ன?

குழுவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை. முதல் இரண்டு இடங்கள் அரையிறுதிக்கு. அங்கே குறுக்கு மாற்று, அதாவது இந்தக் குழுவின் முதல் அணிக்கு அந்தக் குழுவின் இரண்டாம் அணி. அப்புறம் இறுதி. 7, 8, 9 தேதிகளில் குழு ஆட்டங்கள், ஒரு நாள் ஓய்வு, 11 அன்று அரையிறுதி, 12 அன்று இறுதி. டிக்கெட் வாங்குகிற அணி ஆறு நாளில் ஐந்து ஆட்டங்கள் ஆடியாக வேண்டும்.

புள்ளிக் கணக்கு எனக்குப் புரிவதே இல்லை. ஜெயித்தால் இரண்டு, தோற்றால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

பலர் தடுக்கி விழுகிற இடம் இது. சர்வதேச வாலிபாலில் செட் கணக்கில் 3-0 அல்லது 3-1 என்று ஜெயித்தால் 3 புள்ளி, தோற்றவருக்கு ஒன்றுமில்லை. ஐந்தாவது செட் வரை இழுத்து 3-2 என்று ஜெயித்தால் 2 புள்ளிதான், தோற்றவருக்கும் ஒரு புள்ளி ஆறுதலாகக் கிடைக்கும்.

ஆனால் வரிசைப்படுத்தும்போது முதலில் பார்ப்பது புள்ளியை இல்லை, எத்தனை ஆட்டம் ஜெயித்தாய் என்பதைத்தான். அதில் சமமானால் புள்ளி. அதிலும் சமமானால் ஜெயித்த செட்டைத் தோற்ற செட்டால் வகுத்து வரும் விகிதம். அப்படியும் தீரவில்லை என்றால் செட்டுகளுக்குள் எடுத்த பாயிண்டுக்கும் கொடுத்த பாயிண்டுக்கும் உள்ள விகிதம். உதாரணத்துக்கு, ஒரு அணி இரண்டு ஆட்டங்களை 3-2 என்று ஜெயித்து ஒன்றில் 0-3 என்று தோற்றால் 4 புள்ளி. இன்னொரு அணி ஒன்றை 3-0 என்று ஜெயித்து இரண்டில் 2-3 என்று தோற்றால் 5 புள்ளி. ஐந்து நாலை விடப் பெரிது என்று அவசரப்படக் கூடாது. நாலு புள்ளிக்காரர்தான் மேலே, ஏனென்றால் அவர் இரண்டு ஆட்டம் ஜெயித்தவர்.

ஜியாங்மெனில் தென் கொரியாவின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முதல் நாள் ஆஸ்திரேலியாவிடம் 2-3 தோல்வி, 1 புள்ளி. அடுத்த நாள் இந்தியாவை 3-0, 3 புள்ளி. மூன்றாம் நாள் கத்தாரை 3-2, 2 புள்ளி. இரண்டு வெற்றி, ஆறு புள்ளி, எட்டு செட் வரவு, ஐந்து செட் செலவு. கத்தாரோடு அரையிறுதிக்குப் போய்விட்டார்கள். கொரியாவை முதல் நாளே ஐந்து செட்டில் மடக்கிய ஆஸ்திரேலியா வெளியே நின்றது. ஒருவரை ஜெயித்தோம் என்பதால் அவருக்கு மேலே நிற்போம் என்பது இங்கே செல்லாது.

எல்லோரும் பேசுகிற அந்த அரையிறுதியில் என்னதான் நடந்தது?

ஜனவரி 11, சனிக்கிழமை. ஈரானும் தென் கொரியாவும். காகிதத்தில் பார்த்தால் ஈரான் கை ஓங்கியிருந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால்தான் டெஹ்ரானில் ஆசிய சாம்பியன் ஆகியிருந்தார்கள். கேப்டன் சயீத் மரூஃப் செட்டர், அதாவது அடிக்கிறவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவர். அவர் பந்தை எந்தப் பக்கம் கொடுக்கப் போகிறார் என்று வலையருகே தடுக்க நிற்கும் எதிரணி பிளாக்கர்கள் கண்டுபிடிப்பதற்குள் பந்து தரையில் இருக்கும்.

முதல் செட்டைக் கொரியா 25-22 என்று எடுத்தது. அடுத்த செட் 9-25. எழுத்துப் பிழை இல்லை, ஒன்பதேதான். சர்வதேசத் தரத்தில் இருக்கும் ஒரு அணி ஒரு செட்டில் ஒன்பது பாயிண்ட் எப்படி எடுக்கும் என்று கேட்கலாம். வாலிபால் ஆடியவர்களுக்கு இது தெரிந்த வியாதி. எதிரணி சர்வீஸ் வருகிறது, அதை ஒழுங்காக எடுத்துக் கொடுக்க முடியவில்லை, செட்டர் ஓடிப்போய் எப்படியோ தூக்கிவிடுகிறார், அடிக்கிறவர் முன்னால் மூன்று பேர் பிளாக்குக்கு நிற்கிறார்கள். பாயிண்ட் போகிறது. நாம் பாயிண்ட் எடுத்தால்தான் நம் ஆட்கள் சுற்றி அடுத்த இடத்துக்கு நகர முடியும். எடுக்காத வரை அதே ஆறு பேர் அதே இடத்தில் நின்று அதே சர்வீஸை மறுபடியும் எதிர்கொள்ள வேண்டும். கோச்சுக்கு ஒரு செட்டில் இரண்டு டைம்-அவுட், ஆறு மாற்று ஆட்டக்காரர், அவ்வளவுதான். சுழலில் மாட்டிக்கொண்ட மாதிரி ஐந்து, ஆறு பாயிண்ட் மடமடவென்று போய்விடும். அந்த மாதிரி இரண்டு மூன்று சுழல் ஒரே செட்டில் வந்தால் 9-25 ஆச்சரியமே இல்லை.

ஆச்சரியம் அதற்கப்புறம் நடந்தது. அப்படி அடி வாங்கிய அணி மூன்றாவது செட்டில் 24-26 வரை இழுத்துப் பிடித்தது. நான்காவது செட்டை 25-22 என்று எடுத்து ஆட்டத்தைச் சமன் செய்தது. ஐந்தாவது செட் 15 பாயிண்டுக்குத்தான். யாராவது 8 எடுத்ததும் பக்கம் மாறுவார்கள். அங்கிருந்து பார்த்தால் முடிவு ஏழே பாயிண்ட் தூரம். 13-15 என்று கொரியா தோற்றது.

அந்த இரண்டு பாயிண்டில் போனது ஒரு ஆட்டம் மட்டுமில்லை. இருபது வருடக் காத்திருப்பு. மொத்தப் பாயிண்டைக் கூட்டிப் பார்த்தால் ஈரான் 110, கொரியா 96. பதினாலு வித்தியாசம் என்றால் ஈரான் நன்றாகத்தான் ஆடியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் இரண்டாவது செட்டில் மட்டும் பதினாறு வித்தியாசம். அந்த ஒரு செட்டை எடுத்துவிட்டால் கொரியா இரண்டு பாயிண்ட் அதிகம். ஐந்து செட் ஆட்டத்தில் மொத்தக் கூட்டல் பேசாது, கடைசிப் பதினைந்துதான் பேசும்.

இறுதி ஆட்டம்?

அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கத்தாரைத் தாண்டி வந்த சீனாவை ஈரான் 3-0 என்று முடித்தது. அரங்கம் முழுக்கச் சீனக் கூட்டம், ஆனாலும் ஈரானுக்கு அன்று வியர்த்ததாகத் தெரியவில்லை. உண்மையான இறுதி ஆட்டம் முந்தைய நாளே நடந்து முடிந்துவிட்டது என்பது என் கட்சி.

இந்தியா என்ன செய்தது?

அரையிறுதியை எட்டவில்லை. கொரியாவிடம் 0-3. இந்திய ஆண்கள் வாலிபால் அணி இதுவரை ஒரு ஒலிம்பிக்கும் ஆடியதில்லை.

நம்மிடம் திறமை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. வாலிபால் 1964-இல் டோக்கியோவில்தான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா வெள்ளி வாங்கியது. தங்கம் ஜப்பான், வெண்கலம் பாகிஸ்தான். 1958-இல் ஒரு வெண்கலம், 1986 சியோலில் இன்னொரு வெண்கலம். சியோல் அணியில் ஆடிய கேரளத்து ஜிம்மி ஜார்ஜ் இத்தாலிய கிளப்புகளில் ஆடிப் பெயர் வாங்கியவர், 1987-இல் அங்கேயே கார் விபத்தில் இறந்துபோனார். தமிழ்நாட்டிலிருந்து ஜி.இ. ஸ்ரீதரன் ஆட்டக்காரராக அர்ஜுனா விருது வாங்கி, பிறகு இந்திய அணிக்குக் கோச்சாகவும் இருந்தார். அண்மைக் காலத்தில் செட்டர் மோகன் உக்கிரபாண்டியனும் அட்டாக்கர் ஜெரோம் வினித்தும் இங்கிருந்து போய் நாட்டுக்காக ஆடியிருக்கிறார்கள்.

ஜியாங்மெனில் நம்மை 3-0 என்று அனுப்பிய அதே கொரியாவை 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா 3-2 என்று சாய்த்தது. ஐந்தாவது செட் 17-15. கடைசியில் இந்தியா ஆறாவது இடம், கொரியா ஏழாவது. கொரிய ஆண்கள் ஆசிய விளையாட்டில் வாலிபால் பதக்கம் இல்லாமல் திரும்பியது 1962-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 1962 என்றால் நாம் வெள்ளி வாங்கிய அதே வருடம்.

ஈரானுக்கு மட்டும் எப்படி இவ்வளவு பலம்? எண்ணெய்ப் பணமா?

பணம் மட்டுமே என்றால் வளைகுடாவில் பாதி நாடுகள் ஒலிம்பிக்கில் இருக்க வேண்டுமே. ஈரானில் வாலிபால் நிஜமாகவே மக்கள் ஆட்டம். அதோடு கோச்சுகளை யோசித்துப் பிடித்தார்கள். இத்தாலியை உலக சாம்பியன் ஆக்கிய அர்ஜென்டினாக்காரர் ஹூலியோ வெலாஸ்கோ 2011-இல் பொறுப்பெடுத்தார். அதே வருடம் ஈரான் முதல் முறையாக ஆசிய சாம்பியன். 2013-இல் மறுபடியும். 2014 உலக லீக்கில் நான்காவது இடம். 2016-இல் ரியோவுக்கு முதல் ஒலிம்பிக் டிக்கெட், அங்கே காலிறுதி. ஜியாங்மெனில் கோச்சாக இருந்தவர் மாண்டினீக்ரோவைச் சேர்ந்த இகோர் கோலாகோவிச்.

கோச்சை விடப் பெரிய விஷயம் அடித்தளம். 21 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியை ஈரான் 2019-இலும் 2023-இலும் ஜெயித்தது. மேலே ஒருவர் ஓய்வு பெற்றால் கீழே இரண்டு பேர் தயாராக நிற்கிறார்கள்.

மற்ற கண்டங்களிலும் இதே மாதிரிதானா?

முறை ஏறக்குறைய ஒன்றுதான், கஷ்டம் ஒன்றில்லை. தென் அமெரிக்காவில் பிரேசிலும் அர்ஜென்டினாவும் முன்பே டிக்கெட் வாங்கிவிட்டதால், சிலியில் நடந்த தகுதிச் சுற்றில் வெனிசுவேலா உள்ளே புகுந்தது. வட அமெரிக்காவில் அமெரிக்கா ஏற்கெனவே போயாகிவிட்டது, வான்கூவரில் கனடா ஜெயித்தது. ஆப்பிரிக்கப் போட்டி கெய்ரோவில், ஆனால் டிக்கெட் துனிசியாவுக்கு. நடத்துகிற எகிப்து கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

ஐரோப்பாதான் அநியாயம். பெர்லினில் எட்டு அணிகள், ஒரே டிக்கெட். எட்டும் எப்படிப்பட்ட எட்டு என்று பாருங்கள். செர்பியா, நான்கு மாதத்துக்கு முன் ஐரோப்பிய சாம்பியன். ஸ்லோவேனியா, அதே போட்டியில் இரண்டாம் இடம். பிரான்ஸ், நான்காம் இடம். அப்புறம் ஜெர்மனி, பல்கேரியா, பெல்ஜியம், நெதர்லாந்து, செக். ஐரோப்பிய சாம்பியன் செர்பியா குழு ஆட்டத்தோடு மூட்டை கட்டியது. ஸ்லோவேனியாவை பிரான்ஸ் அரையிறுதியில் ஐந்து செட்டில் தாண்டியது. இறுதியில் ஜெர்மனியை அதன் சொந்தத் தலைநகரிலேயே 3-0.

ஸ்லோவேனியாவோடு ஆடிய அந்த ஐந்தாவது செட் வேறு மாதிரி முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஏனென்றால் பெர்லினில் கடைசிப் பெட்டியில் தொற்றி ஏறிய அந்த பிரான்ஸ்தான் டோக்கியோவில் தங்கம் வாங்கியது. இறுதியில் ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி என்ற பெயரில் ஆடிய ரஷ்ய அணியை 3-2 என்று ஜெயித்தார்கள், ஐந்தாவது செட் 15-12. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் எர்வின் எங்கபெத். தகுதிச் சுற்றில் ஏறக்குறைய வெளியே போன அணி, பதக்க மேடையின் உச்சியில்.

டிக்கெட் வாங்கிய ஈரான் டோக்கியோவில் என்ன சாதித்தது?

முதலில், ஜனவரி 2020-இல் வாங்கிய டிக்கெட்டை உடனே பயன்படுத்த முடியவில்லை. ஜியாங்மென் இறுதி முடிந்து பதினோரு நாளில், ஜனவரி 23 அன்று, அதே சீனாவில் வூஹான் நகரம் பூட்டப்பட்டது. மார்ச் 24 அன்று ஒலிம்பிக்கையே ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள். தகுதிச் சுற்று ஜனவரியில் இல்லாமல் பிப்ரவரியில் வைக்கப்பட்டிருந்தால் நடந்தே இருக்காது. ஈரான் டோக்கியோவில் இறங்கியபோது கோச்சே மாறியிருந்தார், கோலாகோவிச் இடத்தில் ரஷ்யாவின் விளாதிமிர் அலெக்னோ.

முதல் ஆட்டம் உலக சாம்பியன் போலந்தோடு. 3-2 என்று ஜெயித்தார்கள், கடைசி செட் 23-21. பதினைந்தில் முடிய வேண்டிய செட் இருபத்து மூன்று வரை போயிற்று! ஆனால் அந்த வேகம் நிலைக்கவில்லை. குழுவின் கடைசி ஆட்டத்தில் ஜப்பானிடம் 2-3. ஜப்பான் காலிறுதிக்கு, ஈரான் வீட்டுக்கு.

தோற்ற அணிகளுக்கு வேறு வழியே இல்லையா? இரண்டாம் இடத்துக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கலாமே?

டோக்கியோவுக்கு அப்படி ஒரு வாய்ப்பும் இல்லை. ஜனவரியோடு கதவு மூடப்பட்டது. 2016-இல் நிலைமை கொஞ்சம் இளகியிருந்தது. ஆசியாவுக்கான தகுதிச் சுற்றையும் உலகத் தகுதிச் சுற்றையும் டோக்கியோவில் ஒன்றாகவே நடத்தினார்கள், அதிலிருந்து போலந்து, ஈரான், பிரான்ஸ், கனடா என்று நான்கு அணிகள் ரியோ போயின.

அதே நேரத்தில் பெண்களுக்கும் நடந்ததா?

ஆமாம், அதே ஜனவரி 7–12, தாய்லாந்தின் நகோன் ரட்சசிமாவில். இறுதியில் தாய்லாந்தை 3-0 என்று வென்று தென் கொரியா போனது. ஆண்கள் அணி ஐந்தாவது செட்டில் தோற்ற மறுநாள் பெண்கள் அணிக்கு டிக்கெட். அந்த வார இறுதியில் கொரிய ரசிகர்கள் சிரித்தார்களா அழுதார்களா தெரியாது. கிம் யோன்-கூங் தலைமையில் அந்தப் பெண்கள் டோக்கியோவில் நான்காவது இடம் வரை வந்தார்கள்.

வாலிபாலா, கைப்பந்தா, கரப்பந்தா? எது சரி?

எல்லாம் சரிதான். தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் கைப்பந்து, இலங்கைத் தமிழில் கரப்பந்தாட்டம், மைதானத்தில் எல்லா ஊரிலும் வாலிபால். இலங்கைக்கு இது தேசிய விளையாட்டு, கிரிக்கெட் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். கைப்பந்து என்று எழுதினால் ஹேண்ட்பாலோடு குழப்பம் வருகிறது என்பதால் நான் வாலிபால் என்றே எழுதுகிறேன்.

உலக சாம்பியன்ஷிப்புக்கும் இப்படி மண்டலத் தகுதிச் சுற்று உண்டா?

முன்பு உண்டு. 2018 வரை மண்டல வாரியாக ஆடி, படிப்படியாக ஏறி வர வேண்டும். இப்போது ஆண்கள் உலக சாம்பியன்ஷிப் 32 அணிகளோடு நடக்கிறது. நடத்துகிற நாடு, நடப்புச் சாம்பியன், கண்டத்துக்கு மூன்று அணி, மீதி உலகத் தரவரிசை. 2025-இல் பிலிப்பைன்ஸில் நடந்ததற்கு ஆசியாவின் அந்த மூன்று இடங்கள் 2023 ஆசிய சாம்பியன்ஷிப்பில் முதல் மூன்று வந்த ஜப்பான், ஈரான், கத்தாருக்குப் போயின. தனியாக ஒரு தகுதிச் சுற்று தேவைப்படவில்லை.

ஒலிம்பிக்குக்கு அந்த ஜனவரி மாதிரி ஒரு போட்டி இனி நடக்குமா?

பாரிஸ் 2024-க்கே அதை எடுத்துவிட்டார்கள். கண்டத் தகுதிச் சுற்றுகளுக்குப் பதிலாக 2023-இல் ரியோ, டோக்கியோ, சியான் ஆகிய மூன்று ஊர்களில் எட்டு எட்டு அணிகளாக ஆடினார்கள். ஊருக்கு இரண்டு டிக்கெட். நடத்துகிற பிரான்ஸைத் தவிர மிச்ச ஐந்து இடங்கள் தரவரிசைப்படி, அதிலும் அதுவரை ஒரு அணியும் போகாத கண்டத்துக்கு முன்னுரிமை. அந்த வழியில்தான் ஆப்பிரிக்காவிலிருந்து எகிப்து போனது.

இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? பெர்லினில் கண்ணீரோடு வெளியேறிய ஜெர்மனியும் ஸ்லோவேனியாவும் பாரிஸுக்குப் போனார்கள். ஸ்லோவேனியாவுக்கு அது முதல் ஒலிம்பிக். ஜெர்மனி காலிறுதியில் பிரான்ஸை இரண்டு செட் பின்னுக்குத் தள்ளி, கடைசியில் 13-15 என்று ஐந்தாவது செட்டில் தோற்றது. ஆசியாவிலிருந்து ஜப்பான் மட்டுமே. ஜியாங்மெனில் ராஜாவாக இருந்த ஈரானுக்குப் பாரிஸில் இடமில்லை.

பலமான அணிகள் உள்ளே வர வேண்டும் என்றால் புதிய முறை நியாயமானது, மறுக்கவில்லை. ஆனால் தரவரிசைப் புள்ளி சேர்க்க நேஷன்ஸ் லீக் போன்ற பெரிய போட்டிகளில் வருடா வருடம் ஆட வேண்டும். ஆசியாவிலிருந்து அங்கே தொடர்ந்து தெரிகிற முகங்கள் ஜப்பானும் ஈரானும்தான். இந்தியா ஒரு முறையும் ஆடியதில்லை. 2023-இன் மூன்று ஊர்த் தகுதிச் சுற்றிலும் இந்தியா இல்லை. தோற்றாலும் ஜியாங்மெனில் நமக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், மூன்று ஆட்டம் ஆடிப் பார்க்க விட்டார்கள். ஹாங்சோவில் கொரியாவை ஜெயித்தது போல ஒரு நாள் அங்கே அமைந்திருந்தால் கதையே வேறு. அந்த நாற்காலி போனதில் எனக்கு வருத்தம்தான்.

அப்போது 2028 லாஸ் ஏஞ்சல்ஸுக்கு?

மறுபடியும் மாற்றியிருக்கிறார்கள். இந்த முறை 2026 கண்ட சாம்பியன்ஷிப்புகளில் ஜெயிக்கிற ஐந்து அணிகளும் நேரடியாகப் போகின்றன. ஆக ஆசியாவுக்கென்று ஒரு டிக்கெட் திரும்ப வந்திருக்கிறது, தனித் தகுதிச் சுற்று என்ற பெயரில் இல்லாமல் ஆசிய சாம்பியன்ஷிப் கோப்பையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இந்த முறை ஜப்பானும் வரிசையில் நிற்க வேண்டும், ஈரானும் நிற்க வேண்டும். இரண்டாவது வருகிறவருக்குக் குறைந்தபட்சம் ஒரு வெள்ளிப் பதக்கமாவது கிடைக்கும், ஜியாங்மெனில் இரண்டாவது வந்த சீனாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை.